வான்தொலைவும் பயண நேரமும்

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையிலான தொலைவைக் கணினி நொடியில் கணித்துத் தந்தாலும், அந்த எண்ணைப் பயண நேரமாக மாற்றி வாடிக்கையாளருக்குச் சொல்லும் பொறுப்பு பயண முகவருடையதே ஆகும். கணினி தருவது பெருவட்டத் தொலைவு, அதாவது உருண்டையான புவியின் மேற்பரப்பில் இரு இடங்களை இணைக்கும் மிகக் குறுகிய வழியின் நீளம். மலையும் மேகமும் விமான அட்டவணையும் அந்தக் கணக்கில் இடம்பெறுவதில்லை.

சரவாக்கின் மேட்டுநிலத்தில் உள்ள பாரியோ, பா கெலாலான் ஆகிய சிறு விமான நிலையங்களுக்கு இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 30 கிலோமீட்டரே உள்ளது. ஆயினும் பாரியோவுக்கு மீரியிலிருந்தும், பா கெலாலானுக்கு லாவாஸ் வழியாகவும் விமானங்கள் செல்லும் அமைப்பில், ஒன்றிலிருந்து மற்றதற்கு வான்வழியே செல்ல விரும்புபவர் கடலோர நகருக்கு இறங்கி, அங்கிருந்து மீண்டும் மலையேற வேண்டியுள்ளது; காட்டுவழியே நடப்பவர்களுக்கோ சில நாள்கள் தேவைப்படுகின்றன. கோலாலம்பூரிலிருந்து மீரிக்கு உள்ள சுமார் 1,370 கிலோமீட்டரை ஜெட் விமானம் இரண்டரை மணி நேரத்துக்குள் கடந்துவிடுவதை இதனுடன் ஒப்பிட்டால், தொலைவும் நேரமும் ஒன்றையொன்று பின்தொடர்வதில்லை என்பது தெளிவாகும்.

மீரிக்கும் பாரியோவுக்கும் இடைப்பட்ட சுமார் 180 கிலோமீட்டரை 19 இருக்கைகள் கொண்ட டுவின் ஆட்டர் விமானம் ஒரு மணி நேரத்துக்குள் கடக்கிறது. பாரியோ கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் இருப்பதால், அங்குள்ள மெல்லிய காற்றில் இறக்கைகளின் தூக்குவிசையும் இயந்திரத்தின் ஆற்றலும் குறைகின்றன. எனவே எடைக் கட்டுப்பாடு கடுமையாகிறது, பைகளுடன் பயணிகளும் நிறுக்கப்படுகின்றனர். விமானி ஓடுபாதையைக் கண்ணால் கண்டே இறங்க வேண்டியிருப்பதால், மேகம் கவிந்தால் விமானம் தாமதமாகும் அல்லது ரத்தாகும்.

அட்டவணையில் அச்சிடப்படும் நேரம், விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வது முதல் சேருமிடத்தில் நிற்பது வரையிலான நேரம் மட்டுமே. செலாயாங்கிலிருந்து புறப்படும் குடும்பத்துக்கோ, சிப்பாங்கிலுள்ள விமான நிலையம் வரையிலான சாலை நெரிசல், பயணப் பதிவு, தீபகற்ப மலேசியரும் கடக்க வேண்டிய சரவாக் குடிநுழைவுச் சோதனை, இணைப்பு விமானத்துக்கான காத்திருப்பு ஆகிய அனைத்தும் சேர்ந்ததே பயணமாகும்.

ஆகவே தொலைதூர ஊர்களுக்கான பயணத்திட்டத்தில் தொலைவு, பறக்கும் நேரம், வீட்டு வாசலிலிருந்து சேருமிடம் வரையிலான மொத்த நேரம் ஆகிய மூன்றையும் தனித்தனியே குறிப்பிடுவதைத் தொழில்முறை வழக்கமாக்குவது அவசியம். மேட்டுநிலத்திலிருந்து திரும்பும் நாளிலேயே மீரியிலிருந்து கோலாலம்பூருக்கான விமானத்தை முன்பதிவு செய்யாமல், இடையில் ஓர் இரவை ஒதுக்குவதும், எடை வரம்பையும் ரத்தாகும் வாய்ப்பையும் பணம் பெறுவதற்கு முன்பே விளக்குவதும் முகவரின் கடமையாகும். மெய்யான நேரத்தை முன்கூட்டியே அறிந்து புறப்படும் பயணியே தாமதத்தைப் பதற்றமின்றி எதிர்கொள்ள முடியும்.