118 என்னும் பூச்சாண்டி

மதுரை சிம்மக்கல் டீக்கடையிலும் மேலூர் களத்துமேட்டிலும் தேர்தல் நேரத்தில் ஒரே பேச்சுதான்: "யாருக்கும் மெஜாரிட்டி வரலைன்னா ஆட்சி நிக்காது; மறுபடியும் எலெக்‌ஷன்தான்." இந்தப் பயத்தில், மனதுக்குப் பிடித்த வேட்பாளரை விட்டுவிட்டு ஜெயிக்கிற கட்சிக்கு ஓட்டுப் போட்டு வருகிறவர்கள் ஏராளம். இந்தப் பயத்துக்கு ஆதாரமே இல்லை. நம் மாநில வரலாறு இதற்கு நேர்மாறாகப் பேசுகிறது.

2006 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். 234 இடங்களில் ஆட்சிக்கு வேண்டியது 118. முதலிடம் பிடித்த தி.மு.க.வுக்குக் கிடைத்ததோ 96. காங்கிரசின் 34 பேரும், பா.ம.க.வின் 18 பேரும், இரு கம்யூனிஸ்ட் கட்சிகளின் 15 பேரும் வெளியிலிருந்து தாங்கினார்கள். "மைனாரிட்டி அரசு" என்று ஜெயலலிதா இடித்துக்கொண்டே இருந்தார். நடுவழியில் பா.ம.க. கூட்டணியிலிருந்து பிரிந்தது, இடதுசாரிகளும் விலகினார்கள். ஆட்சி கவிழவில்லை, ஐந்தாண்டும் நின்றது.

நின்றதோடு வேலையும் செய்தது. பதவியேற்ற நாளிலேயே கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடிக்குக் கையெழுத்தானது. ரேஷன் அரிசி கிலோ 2 ரூபாய்க்கு வந்தது. 2008-இல் 1 ரூபாயானது. 2009-இல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு கிடைத்தது.

பெரும்பான்மை பெற்றவர்கள் கதை என்ன? 1971-இல் 184 இடங்களை வென்ற தி.மு.க. ஆட்சி 1976 ஜனவரி 31 அன்று கலைக்கப்பட்டது. எம்.ஜி.ஆர். ஆட்சி 1980-இலும், பின்னாளில் வந்த தி.மு.க. ஆட்சி 1991-இலும் அதே கதியை அடைந்தன. மூன்றுமே சட்டமன்றத்தில் பெரும்பான்மை உள்ள அரசுகள். ஆளுங்கட்சியின் தலை எண்ணிக்கை அவற்றைக் காக்கவில்லை. அப்படிக் கலைப்பதற்குக் கடிவாளம் போட்டது 1994-இல் வந்த எஸ்.ஆர். பொம்மை வழக்கின் தீர்ப்பு. 2016-இல் அ.தி.மு.க. தனிப் பெரும்பான்மையோடு வென்றது. மறு ஆண்டே அதன் எம்.எல்.ஏ.க்கள் கூவத்தூர் விடுதியில் தங்கவைக்கப்பட்டதையும், 18 பேர் பதவி இழந்ததையும் நாடே பார்த்தது.

"திருமங்கலத்தை மறந்துவிட்டீரா?" என்று கேட்பீர்கள். மறக்கவில்லை. அந்த மைனாரிட்டி ஆட்சியில் அங்கே நடந்த 2009 ஜனவரி இடைத்தேர்தலுக்குப் பிறகு 'திருமங்கலம் பார்முலா' என்றாலே ஓட்டுக்குப் பணம் என்று பொருளாகிப்போனது. மதுரைக்காரர்களுக்கு அது தலைகுனிவுதான். ஆனால் பண விநியோகப் புகாரில் தேர்தல் ஆணையம் 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தல்களையும் 2017-இல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலையும் ரத்து செய்தபோது, கோட்டையில் இருந்தது பெரும்பான்மை அரசுதானே? அந்த நோய்க்கு வேர் வேறு.

தனியாக 118 இல்லாத கட்சி, தோழமைக் கட்சியின் கதவைத் தட்டியாக வேண்டும். நம் தொகுதிக்காரர் கேட்பதைக் காதில் வாங்கியாக வேண்டும். அது பலவீனமல்ல, மக்களுக்குக் கிடைக்கும் பிடிமானம்.

ஆகவே வாக்காளர்களே, யாருக்கு 118 வரும் என்று கணக்குப் போடுவது உங்கள் வேலை அல்ல. உங்கள் ஊர்க் கண்மாய்க்கும் பள்ளிக்கூடத்துக்கும் யார் உழைப்பார் என்று பார்த்து ஓட்டுப் போடுங்கள். ஆட்சி அமைக்கிற பொறுப்பு ஜெயித்து வருகிறவர்களுடையது.