சாவி யார் கையில்?

போர்ட் பிளேயரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது வண்டூர். (2024 செப்டம்பரில் ஒன்றிய அரசு அந்தத் தலைநகருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று புதுப்பெயர் சூட்டியது. சிறு வியாபாரியின் வாழ்வில் அதனால் எதுவும் மாறவில்லை.) 1983-இல் அமைக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவுக்கு வண்டூர்தான் வாசல். ஜாலி பாய், ரெட் ஸ்கின் தீவுகளின் பவளப்பாறைகளைக் காணச் செல்வோர் இங்கேதான் படகேறுகிறார்கள். கடல் கொந்தளித்தால் படகு நிற்கும். படகு நின்றால் கரையில் இளநீரும் தின்பண்டமும் விற்போரின் அன்றைய வருமானமும் நிற்கும். 2010-இல் கடல்நீர் சூடேறி அந்தமானின் பவளப்பாறைகள் பெருமளவில் வெளுத்தன. அத்தகைய பேரிடர் அறிவியலாளருக்கு ஆய்வுப் பொருள். கரையில் கடை போட்டவருக்கோ வயிற்றுப் பிரச்சனை.

இதே ஊரின் வடபுறத்தில் சென்னை முதலைப் பண்ணை அறக்கட்டளை நிறுவிய அந்தமான் நிக்கோபார் சுற்றுச்சூழல் குழுவின் ஆய்வுத்தளம் 30 ஆண்டுகளுக்கும் மேலாக இயங்கி வருகிறது. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே தங்கி, உள்ளூர் கரேன் மக்களின் கடலறிவையும் காட்டறிவையும் துணைகொண்டு பணியாற்றியிருக்கிறார்கள். கல்வி நிறுவனங்களும் சமூக அமைப்பும் ஓர் இடத்தைப் பகிர்ந்துகொள்வது வண்டூருக்குப் புதிதல்ல. ஆய்வுக்கு வாய்த்த அந்தக் கூரை, தேங்காய் உலர்த்தும் பெண்ணுக்கும் மீன் பதப்படுத்தும் குடும்பத்துக்கும் ஏன் வாய்க்கவில்லை என்பதே கேள்வி.

தீவுகளின் நிலப்பரப்பில் 80 விழுக்காட்டுக்கும் மேல் வனம். கட்டடம் எழுப்பத்தக்க நிலம் அரிது. ஆகவே பொது இடத்தைப் பகிர்வது இங்கே வெறும் நல்லெண்ணப் பேச்சல்ல, பிழைப்புக்கான தேவை. போர்ட் பிளேயரில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் கடல்சார் கல்வி வளாகம் இருக்கிறது. ஜவஹர்லால் நேரு அரசுக் கல்லூரி இருக்கிறது. மக்கள் வரிப்பணத்தில் எழுந்த இந்த ஆய்வுக்கூடங்களும் அறைகளும் மாலையிலும் விடுமுறையிலும் யாருக்காகப் பூட்டிக் கிடக்க வேண்டும்?

ஒன்றிய அரசிடம் இதற்கு ஆயத்தமான பதில் உண்டு. 2016-இல் தொடங்கிய அடல் இன்னோவேஷன் மிஷன், கல்வி நிறுவனங்களில் இன்குபேஷன் மையம் அமைக்க 10 கோடி ரூபாய் வரை மானியம் தருகிறது. அந்த மையங்கள் தேடுவது யாரை? முதலீட்டாளரை ஈர்க்கும், விரைந்து பெருகும் ‘ஸ்டார்ட்-அப்’ நிறுவனத்தை. விண்ணப்பம் இணையவழி, விளக்கம் ஆங்கிலத்தில். பல மையங்கள் நிறுவனத்தில் பங்கும் கேட்கின்றன. 2011 கணக்கெடுப்பின்படி தீவு மக்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினரின் தாய்மொழி தமிழ். வங்காளம் பேசுவோர் அதனினும் அதிகம். நாள்தோறும் 20 தேங்காய் விற்கும் தொழிலாளி அந்த வாசலை மிதிக்கவே முடியாது. பொது நிலத்தில், பொதுப் பணத்தில், தனியார் மூலதனத்துக்கு நாற்றங்கால் போடும் ஏற்பாடு இது.

எனினும், “இதெல்லாம் தன்னார்வ நிறுவனங்களின் சீர்திருத்த வேலை” என்று ஒதுக்கும் தோழர்களின் வாதமும் ஏற்கத்தக்கதல்ல. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் 1987-இல் பாலக்காடு மாவட்டம் முண்டூரில் ஊரகத் தொழில்நுட்ப மையத்தைத் தொடங்கியது. பரிஷத்தின் புகை குறைந்த அடுப்பு காட்சிக்கூடத்தில் முடங்கவில்லை, சமையலறைகளுக்குள் சென்றது. 1998-இல் பிறந்த குடும்பஸ்ரீயில் இன்று 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இருக்கிறார்கள். அதன் நிர்வாகிகளைத் தேர்ந்தெடுப்பவர்களும் அவர்களே. அந்தமானிலேயே சான்றுண்டு. 2004 சுனாமியில் உப்புநீர் புகுந்த வயல்களில் மத்திய வேளாண் ஆராய்ச்சி நிலையம் மேட்டுப்பாத்தியும் சாலும் அமைக்கும் முறையை விவசாயிகளோடு சேர்ந்து செயல்படுத்தியது. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-இல் புதுச்சேரியில் அமைந்தது. உழவருக்கு அரை நூற்றாண்டுக்கு முன் ஒப்புக்கொண்ட உரிமையைச் சிறு உற்பத்தியாளருக்கும் கேட்பதில் சீர்திருத்தவாதம் எங்கே வந்தது?

பணமில்லை என்ற சாக்கும் நில்லாது. பெரிய நிக்கோபாரில் துறைமுகமும் விமான நிலையமும் நகரமும் அமைக்க 72,000 கோடி ரூபாய் என்று அறிவித்து, ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர் காட்டைப் பலிகொடுக்கத் துணிந்த அரசு இது. தீவுகளின் வளர்ச்சிக்கென 1988-இல் தொடங்கப்பட்ட பொதுத்துறைக் கழகமே அத்திட்டத்தைச் சுமந்து நிற்கிறது. சட்டமன்றமே இல்லாத ஒன்றியப் பகுதியில், துணைநிலை ஆளுநரின் நிர்வாகத்தை யார் கணக்குக் கேட்பது?

எனவே முதன்மையானது அதிகாரம் குறித்த கேள்வி. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகளின் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் குறைந்தது 40 விழுக்காடு இருக்க வேண்டும் என்கிறது. அது நகரங்களுக்கானது; வண்டூர் போன்ற கிராமத்தை எட்டாது. அந்த அளவையாவது இங்கே அடிப்படையாகக் கொள்ளலாம். பகிர்ந்த கூடத்தை நடத்தும் குழுவில் படகுத் தொழிலாளர், மீனவர், கடைக்காரர், மகளிர் குழுவினர் பாதிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். வாடகை கூடாது. பாரம்பரிய அறிவிலிருந்து பிறக்கும் பொருளின் உரிமை அந்த மக்களின் கூட்டுறவுக்கே சேர வேண்டும். அங்கே கூலிக்கு அமர்த்தப்படுவோருக்குக் குறைந்தபட்ச ஊதியமும் காப்பீடும் உறுதியாக வேண்டும். கூடத்தின் சாவி ஊராட்சியிடம் இருக்க வேண்டும், துணைவேந்தரின் மேசையில் அல்ல. தீவுகளில் பணியாற்றும் கட்சிக் கிளைகளும் மாணவர், மாதர் அமைப்புகளும் அடுத்த கிராம சபையிலேயே இதைத் தீர்மானமாக முன்வைக்கலாம்.