ரேஸ் குதிரைக்கு சினை ஊசி கூடாது... நம்ம ஊர் புலிக்குளம் மாட்டுக்கு?

சோழவந்தானில் இருந்து அலங்காநல்லூர் பக்கம்தான். தை பிறந்தாலே இந்த ஏரியாவில் பேச்செல்லாம் காளையைப் பத்திதான். ஆனா அந்தக் காளையோட அடுத்த தலைமுறை எங்கிருந்து வரப்போகுதுன்னு யாரும் அதிகம் பேசுறதில்லை. அதைப் புரிஞ்சுக்க, முதல்ல ரேஸ் குதிரைகளைப் பார்ப்போம்.

குதிரைக்கு ஏன் தடை?

ரேஸில் ஓடும் தரோபிரெட் குதிரைகளுக்கு உலகம் முழுக்க ஒரே விதி. நேரடி இணைசேர்க்கையில் பிறந்த குட்டிக்கு மட்டும்தான் வம்சாவளிப் பதிவேட்டில் இடம். செயற்கைக் கருவூட்டலில் பிறந்தால் ரேஸ் கிடையாது.

இதில் வியாபாரக் கணக்கும் இருக்கு. விந்து எங்கும் கிடைத்தால் இணைசேர்க்கைக் கட்டணம் சரிந்துவிடும். ஆனா இன்னொரு பயமும் உண்டு: ஒரே சாம்பியனின் ரத்தம் எல்லாக் குட்டியிலும் ஓடும். 2020-ல் அமெரிக்க ஜாக்கி கிளப், ஓர் ஆண் குதிரைக்கு ஆண்டுக்கு 140 பெண் குதிரைகள்தான் என்று வரம்பு கொண்டுவந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் 2022-ல் வாபஸ் வாங்கியது.

பயம் நியாயமா?

மாடுகளில் இது நடந்தேவிட்டது. 1962-ல் பிறந்த 'சீஃப்' என்ற அமெரிக்க ஹோல்ஸ்டைன் காளையின் விந்து உலகெங்கும் போனது. பால் கூடியது. கூடவே அதன் மரபணுவில் இருந்த ஒரு குறையும் பரவியது. அதனால் சுமார் 5 லட்சம் கருக்கள் கலைந்திருக்கும் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

அப்போ ஊசியே தப்பா?

இல்லை. மார்வாரி குதிரைகளின் எண்ணிக்கை குறைவதால், பிகானீரில் உள்ள மத்திய அரசின் குதிரை ஆராய்ச்சி மையம் கருமாற்று முறையைக் கையில் எடுத்தது. 2023 மே 19-ல் 'ராஜ் பிரதமா' என்ற பெண் குட்டி பிறந்தது. அழியும் இனத்தைக் காப்பாற்றவும் இதே விஞ்ஞானம்தான் உதவுது. யாருடைய விந்து, எவ்வளவு, யார் முடிவு செய்வது என்பதுதான் கேள்வி.

நம்ம ஊர் நிலவரம்

மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் இருக்கும் உறைவிந்து குச்சி, விவசாயிக்குப் பெரிய வசதி. தமிழகச் சமவெளியில் பல வருஷமாகப் பரவியது ஜெர்சி கலப்பினம். புலிக்குளம் மாடு பால் குறைவாகத்தான் தரும். பால் காசில் குடும்பம் நடத்துபவர் ஜெர்சி ஊசியைக் கேட்டால், அவரைக் குறை சொல்ல முடியாது.

2021-ல் சென்னை உயர் நீதிமன்றம், ஜல்லிக்கட்டில் நாட்டு மாடுகள் மட்டுமே இறங்க வேண்டும் என்றது. செயற்கைக் கருவூட்டலை முடிந்தவரை தவிர்க்கவும் அரசிடம் சொன்னது. இணைசேரும் உரிமையை மறுப்பது வதை என்பது அதன் பார்வை.

நோக்கம் சரி. ஆனா 'தவிர்க்கவும்' என்று சொன்னால் மட்டும் போதாது. ஊரில் பொலிகாளை இல்லாதபோது, சினைப்பருவத்துக்கு வந்த பசுவை வைத்துக்கொண்டு விவசாயி என்ன செய்வார்? அந்தப் பருவம் ஒரு நாள்கூட முழுசா நீடிக்காது.

என்ன செய்யலாம்?

புலிக்குளம் கிடை மாடு. அறுவடை முடிந்த வயலில் எருவுக்காக அடைக்கப்படும் மந்தையில், ஊசி போட ஆள் வரும்வரை காத்திருக்க முடியாது. அங்கே பொலிகாளைதான் வழி. அதை வளர்ப்பவருக்குத் தீவனச் செலவுக்காவது அரசு உதவணும். வீட்டில் ஒன்றிரண்டு பசு வைத்திருப்பவர் கேட்டால், புலிக்குளம் குச்சியும் மருந்தகத்தில் இருக்கணும். ஒரே காளையின் விந்து ஒரே வட்டாரத்தில் திரும்பத் திரும்பப் போகாமல் பதிவும் வரம்பும் வேணும்.

2017-ல் நாம் ரோட்டுக்கு வந்தபோது சொன்ன முக்கியமான வாதம், 'ஜல்லிக்கட்டு இருந்தாதான் நாட்டு இனம் பிழைக்கும்' என்பது. வாடிவாசல் திறந்துவிட்டது. காளையும் ஓடுது. அதன் கன்று தொழுவத்தில் பிறக்கலைன்னா, நாம் காப்பாற்றியது விளையாட்டை மட்டும்தான்.