ஒரு வீடு, ஒரு நண்பன், நம் அவசர ஆறுதல்

தியானப் பகுதி: 2 சாமுவேல் 1:17-27



டூம் என்ற கணினி விளையாட்டின் பெயரைக் கேட்டாலே நம்மில் பலருக்கு முகம் சுளிக்கும். 1993 டிசம்பரில் ஐடி சாஃப்ட்வேர் வெளியிட்ட அந்த விளையாட்டு, செவ்வாய்க் கிரகத்தின் நிலவுகளில் நிகழும் விஞ்ஞானக் கற்பனை. மனிதர் செய்த பரிசோதனை ஒன்றினால் நரகத்தின் வாசல் திறந்துவிடுகிறது. தனி வீரன் ஒருவன் துப்பாக்கியோடு அவற்றை எதிர்க்கிறான். "பிசாசின் விளையாட்டு" என்று மேடைகளில் அதைக் கண்டிப்பதைப் பலமுறை கேட்டாயிற்று. அதை வடிவமைத்தவர்களுள் ஒருவரான சாண்டி பீட்டர்சன் மார்மன் சபையைச் சேர்ந்தவர். பிசாசுகள் அங்கே எதிரிகளாகத்தானே வருகின்றன என்பது அவர் நிலைப்பாடு. அந்த வாதத்தை இன்று நான் தொடரப்போவதில்லை. இரத்தம் தெறிக்கும் விளையாட்டைச் சிறு பிள்ளைகளின் கையில் கொடுக்கவேண்டாம். அதற்குப் பிரசங்கம் தேவையில்லை, பெற்றோரின் பொதுப்புத்தியே போதும்.

நான் பேச விரும்புவது அந்த விளையாட்டின் ரசிகர் ஒருவர் உருவாக்கிய ஒரு லெவலைப் பற்றி.

டூமைப் படைத்தவர்கள் அதன் அறைகள், படங்கள், ஒலிகள் அனைத்தையும் தனிக் கோப்பாகப் பிரித்து வைத்தார்கள். ஆகவே எவரும் தாமே ஒரு லெவலைக் கட்டி அதில் பொருத்த முடிந்தது. முப்பது ஆண்டுகளாக உலகெங்கும் ரசிகர்கள் கூலியின்றிக் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். 2023 மார்ச்சில், வெட்ஜ் என்னும் புனைபெயர் கொண்ட அமெரிக்கர் ஒருவர் 'மைஹவுஸ்' என்ற லெவலை வெளியிட்டார். இறந்துபோன பால்ய நண்பன் ஒருவன் விட்டுச்சென்ற பழைய வரைபடத்தை முடித்து, அவன் நினைவாக வெளியிடுவதாக அதன் அறிமுகம் சொல்கிறது. அந்த அறிமுகமும் அவர் புனைந்த கதையின் ஒரு பகுதியே. முதற்பார்வைக்கு அது ஒரு சாதாரண மாடி வீடு. வரவேற்பறை, சமையலறை, படுக்கையறை. வழக்கமான சில அரக்கர்கள். அவ்வளவே.

ஆனால் உள்ளே உலவ உலவ அந்த வீடு மாறுகிறது. இருந்த கதவு இல்லாமற்போகிறது. வெளியே போய்த் திரும்பினால் அது வேறு வீடாக இருக்கிறது. பின்னணியில் ஓடும் பழகிய இசை மெல்லச் சிதைகிறது. விமான நிலையம், குழந்தைக் காப்பகம், பெட்ரோல் நிலையம் என்று அந்தச் சிறு வீட்டுக்குள் அடங்காத இடங்கள் அதற்குள்ளிருந்து விரிகின்றன. இதில் ஒரு நுட்பம் உண்டு. பழைய டூமின் அமைப்பில் ஓர் அறையின்மேல் இன்னோர் அறையைக் கட்ட இயலாது. ஆகையால் இந்த வீட்டின் மாடி உண்மையில் மாடியன்று; படியேறுகிறவனை அவன் அறியாமலே வேறோர் இடத்தில் கொண்டுபோய் விடுகிறார்கள். இழவு வீட்டில் சில நாட்கள் தங்கியவர்களுக்கு இது புதிதன்று. அதே திண்ணை, அதே நாற்காலி. ஆனால் ஒவ்வோர் அறையும் வேறிடமாகிவிட்டிருக்கும். துக்கத்தின் இந்த நிலவமைப்பை இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் அடக்க ஆராதனைச் செய்தியை நான் கேட்டது அரிது.

இங்கேதான் என் மனத்தாங்கல். நம் சபைகளில் துக்கத்துக்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறோம்? பிரேதம் வீட்டைவிட்டுப் புறப்படுமுன்னே "விசுவாசி அழலாமா?" என்று கேட்டுவிடுகிறோம். ஒப்பாரி புறஜாதியார் வழக்கம் என்று ஒதுக்கினோம். அதன் இடத்தில் எதை வைத்தோம்? ஒலிபெருக்கியையும் மூன்று பாட்டையும் வைத்தோம். கொடுத்தவரே எடுத்துக்கொண்டார் என்ற யோபின் அறிக்கையை எடுத்து, பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் முகத்துக்கு நேரே நீட்டுகிறோம். அதைச் சொன்னவன் பத்துப் பிள்ளைகளை இழந்த தகப்பன். தன் வாயால், தன்னைக் குறித்துச் சொன்னான். பார்க்க வந்தவர்கள் அவனுக்குச் சொன்ன வார்த்தையன்று அது. வந்த நண்பர்கள் ஏழு நாள் தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்தவற்றில் அதுவே சிறந்தது. வாய் திறந்தபிறகே தேவகோபத்துக்கு ஆளானார்கள்.

தாவீதைப் பாருங்கள். யோனத்தான் கில்போவா மலையில் விழுந்த செய்தி வந்தது. தாவீது அழுதான், உபவாசித்தான், அதோடு நிற்காமல் ஒரு புலம்பலை இயற்றினான். அதை யூதா புத்திரருக்குக் கற்றுக்கொடுக்கவும் கட்டளையிட்டான். நம் தமிழ் வேதாகமத்தில் 'வில்வித்தை' என்றிருக்கிறது. எபிரெயத்தில் இருப்பதோ 'வில்' என்ற ஒரு சொல்தான். அது அந்தப் பாட்டின் பெயர் என்றே வேத அறிஞர் பலர் கொள்கிறார்கள். நண்பனுக்காக அழுத அழுகை, அவனை நேரில் கண்டிராதவர்களும் உள்ளே நுழைந்து நடக்கக்கூடிய ஒன்றாயிற்று. மைஹவுஸ் செய்திருப்பதும் இதையே.

"ஆனாலும் ஐயா, அதில் துப்பாக்கியும் இரத்தமும் இருக்கிறதே" என்பீர்கள். தாவீதின் புலம்பலில் இல்லையா? கேடகமும் பட்டயமும் வெட்டுண்டவர்களின் இரத்தமும் அதில் நிறைந்திருக்கின்றன. யோனத்தான் போர்வீரன், போர்வீரனின் மொழியிலே நண்பன் அழுதான். டூம் விளையாடி ஒன்றாக வளர்ந்த இரண்டு பையன்களில் ஒருவன் இறந்தால், மற்றவன் எந்த மொழியில் அழவேண்டும்? நம் ஞானப்பாட்டுப் புத்தகத்தின் மொழியில்தான் அழவேண்டும் என்று யார் சட்டம் இயற்றியது? இன்னொன்றையும் கவனியுங்கள். பத்தொன்பதாம் வசனம்முதல் இருபத்தேழாம் வசனம்வரை வாசித்துப் பாருங்கள்: கர்த்தருடைய நாமம் ஒருமுறைகூட இல்லை. பரிசுத்த ஆவியானவர் அதைத் திருத்தாமல் வேதத்தில் அப்படியே வைத்திருக்கிறார். நாம்தான் ஒவ்வொரு கண்ணீருக்கும் அடியில் ஒரு வசனத்தை ஒட்டாமல் விடுவதில்லை.

மைஹவுஸ் சுவிசேஷம் என்று நான் சொல்லவில்லை. அந்த வீட்டைப் பொறுமையோடு தேடித்தேடிக் கடந்தவனுக்குக் கடைசியில் வாய்ப்பது அமைதியான ஒரு கடற்கரை. உயிர்த்தெழுதல் அங்கே இல்லை. கல்லறைக்கு வெளியே பெயர் சொல்லி அழைக்கிற சத்தமும் இல்லை. அந்த நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது. அதை நான் ஒரு மயிரிழையும் விட்டுக்கொடேன். ஆனால் தெசலோனிக்கேயருக்கு எழுதிய பவுல், நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கப்படாதிருக்கச் சொன்னாரேயன்றி, துக்கமே கூடாதென்று சொல்லவில்லை. லாசருவைச் சற்று நேரத்தில் எழுப்பப்போவதை அறிந்திருந்தும் கல்லறைக்குப் போகும் வழியில் நம் ஆண்டவர் கண்ணீர் விட்டார். நாம் அவரைவிட அவசரப்படுகிறோம்.

ஆகவே பெற்றோரே, உங்கள் வீட்டு வாலிபன் இரவெல்லாம் கணினிமுன் அமர்ந்து, மறைந்த தாத்தாவின் வீட்டையோ விபத்தில் போன சிநேகிதனின் தெருவையோ ஒரு லெவலாகக் கட்டிக்கொண்டிருந்தால், வேதபுத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அந்த அறைக்குள் நுழையாதீர்கள். பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். "இது யாருடைய அறை, தம்பி?" என்று கேளுங்கள். அவன் காட்டுகிறவரை பேசாதிருங்கள்.