குறையைச் சொல்லி விற்ற பொம்மை

மளிகைக் கடைக்காரருக்கும் பொம்மைப் போர்வீரனுக்கும் என்ன சம்பந்தம் என்று வணிகப் பெருமக்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. பருப்பில் கல், புளியில் கொட்டை, அரிசியில் நொய் என்று குறையோடு வரும் சரக்கைத்தான் நாம் அன்றாடம் நிறுத்துக் கொடுக்கிறோம். பிறக்கும்போதே குறையோடு பிறக்கும் ஒரு சரக்கை இங்கிலாந்தில் எப்படி விற்றார்கள், எந்த இடத்தில் சறுக்கினார்கள் என்பதை நாமும் தெரிந்துகொள்வது நல்லது.

நாட்டிங்காம் நகரத்தைத் தலைமையிடமாகக் கொண்டது கேம்ஸ் ஒர்க்‌ஷாப் என்ற நிறுவனம். 1975-இல் லண்டனில் மூன்று நண்பர்கள் தொடங்கியது. கட்டைவிரல் உயரப் போர்வீரர்களையும் அதற்கேற்ற டாங்கிகளையும் துண்டு துண்டாகப் பெட்டியில் போட்டு விற்பார்கள். வாங்கியவர் ஒட்டி, வர்ணம் தீட்டி, ஒரு படையாகச் சேர்த்து, மேசைமேல் வைத்துப் பகடை உருட்டி, அளவு நாடா பிடித்து ஆடுவார். வார்ஹாமர் என்ற ஆட்டம் 1983-லும், அதன் விண்வெளி வடிவமான வார்ஹாமர் 40,000 என்பது 1987-லும் வந்தன. சிறுபிள்ளை விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். 2024 டிசம்பரில் இந்நிறுவனம் லண்டன் பங்குச் சந்தையின் முதல் நூறு நிறுவனங்களின் வரிசையில் ஏறிவிட்டது. உலகெங்கும் சொந்தக் கடைகள் வைத்திருந்தும், அண்மை ஆண்டுகளில் அவற்றில் விற்பதைவிடத் தனியார் சிறு கடைகள் வழியாகத்தான் அதிகம் விற்றிருக்கிறது. இந்தச் செய்தி நமக்குக் கொஞ்சம் இனிக்கத்தான் செய்கிறது!

பெட்டியில் வரும் பிளாஸ்டிக் வீரர்கள் பெரும்பாலும் ஒரே சாயல். ஆடுபவருக்கோ தன் படை தனியாகத் தெரிய வேண்டும். அதற்காக வேறு தலை, வேறு தோள்கவசம், வேறு துப்பாக்கி, டாங்கிக்கு வேறு கதவு என்று உறுப்புகளை மட்டும் தனியே விற்கிறார்கள். இதற்குக் கன்வர்ஷன் கிட் என்று பெயர். மாற்றுறுப்புத் தொகுப்பு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். இவை பெரும்பாலும் ரெசினில் வார்க்கப்படுகின்றன. காரணம் முதலீடு. பிளாஸ்டிக் உருவத்துக்கு எஃகு அச்சு வெட்ட வேண்டும். செலவு பெரிது, ஏராளமாக விற்றால்தான் கட்டும். ரெசினுக்கு ரப்பர் அச்சு போதும். இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றினால் இறுகிவிடும். ஆனால் அந்த அச்சு சீக்கிரம் தேய்ந்துபோகும். கொஞ்சமாக விற்கும் சரக்குக்கு ஏற்ற முறை. சிறிய பட்டறைக்காரரும் கை வைக்கலாம்.

குறையும் இந்த முறையிலேயே இருக்கிறது. ஊற்றும்போது காற்று மாட்டிக்கொண்டால் சிறு சிறு குமிழ்ப் பள்ளங்கள் விழும். மெல்லிய துப்பாக்கிக் குழல் வளைந்து வரும். அச்சிலிருந்து எளிதில் கழற்றப் பூசிய எண்ணெய்ப் பசை மேலே ஒட்டியிருக்கும்; கழுவாமல் வர்ணம் அடித்தால் தோலாக உரிந்து வந்துவிடும். ஆகவே வாங்கியவர் முதலில் வெதுவெதுப்பான சோப்பு நீரில் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். வார்ப்புக் காம்பைச் சிறு ரம்பத்தால் அறுக்க வேண்டும். வளைந்த குழலைச் சுடுநீரில் போட்டு, இளகியதும் நிமிர்த்தி, உடனே குளிர்ந்த நீரில் முக்கினால் நிமிர்ந்தபடியே நிற்கும். பள்ளங்களுக்குப் பட்டி பார்த்து உப்புத்தாள் போட வேண்டும். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. நீர் தொட்டுத் தேய்க்க வேண்டும், முகக்கவசம் கட்ட வேண்டும். பிளாஸ்டிக் பெட்டியோடு பழகியவர் அதே பசையைப் போட்டால் ரெசின் ஒட்டாது. ஃபெவிக்விக் போன்ற உடனொட்டும் பசைதான் வேண்டும். கனமான உறுப்பானால் இரு பக்கமும் துளையிட்டுப் பித்தளைக் கம்பி சொருகி ஒட்டுவார்கள்.

இவ்வளவு வேலை வைக்கும் சரக்கை யார் வாங்குவார்கள்? வாங்கினார்கள். மேற்படி நிறுவனமே 1998-இல் ஃபோர்ஜ் வேர்ல்டு என்ற பெயரில் ரெசின் சரக்குக்கென்று தனிப் பிரிவு தொடங்கியது. கழுவு, அறு, நிமிர்த்து, தூள் ஆகாது, கைப்பழக்கம் உள்ளவருக்கே ஏற்றது என்றெல்லாம் சொல்லியே விற்றது. விலை அதிகம், குறையும் உண்டு. ஆனாலும் வாங்கியவருக்கு என்ன வாங்குகிறோம் என்று தெரிந்திருந்தது.

அதே நிறுவனம் 2011 மே மாதத்தில் வேறொன்று செய்தது. அதுவரை வெள்ளீயக் கலவையில் வார்த்துவந்த உருவங்களை வேறொரு வகை ரெசினுக்கு மாற்றி, ஃபைன்காஸ்ட் என்று பெயர் வைத்தது. நுண்ணிய வார்ப்பு என்று பொருள். வெள்ளீயம் அந்த ஆண்டு உச்ச விலையில் இருந்தது. சரக்கை மாற்றியதில் நாம் குற்றம் காணவில்லை. ஆனால் முன்னைவிட உயர்ந்தது என்று விளம்பரம் செய்தார்கள், பல உருவங்களுக்கு விலையையும் ஏற்றினார்கள். பெட்டியைத் திறந்தால் அதே குமிழ், அதே வளைவு. சிலவற்றில் விரல் நுனியே இல்லை. குறை அதேதான். ஃபோர்ஜ் வேர்ல்டு சரக்கில் பொறுத்துக்கொண்டவர்கள் இதில் பொறுக்கவில்லை. மாற்றுச் சரக்கு கொடுத்து ஓய்ந்தார்கள். பின்வந்த ஆண்டுகளில் அந்த உருவங்களில் பலவும் பிளாஸ்டிக்குக்கு மாறிவிட்டன.

நமக்கு உறுத்துவது வேறு. விளம்பரம் எழுதியவர் நாட்டிங்காமில் இருந்தார். திருப்பிக் கொண்டுவந்தவர் நின்றது ஏதோ ஓர் ஊரில் சிறு கடைக்காரரின் கல்லா முன்னால். அந்நாட்டுச் சட்டப்படி குறையுள்ள சரக்குக்கு வாங்கியவரிடம் பதில் சொல்ல வேண்டியவர் விற்ற கடைக்காரர். 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் முப்பது நாளுக்குள் சரக்கைத் தள்ளிப் பணம் கேட்கும் உரிமை தருகிறது. அதே சட்டத்தில் ஒரு வாசகம் உண்டு: விற்கும் முன்பே குறிப்பாகச் சுட்டிக்காட்டிய குறையைக் காரணம் காட்டித் தரக்குறைவு என்று கேட்க முடியாது. சொல்லி விற்றவருக்கு அதுவே கேடயம்.

நம் நாட்டிலும் 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம், வாங்குபவர் பார்த்து வாங்கினால், பார்த்தபோது தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு விற்றவர் மறைமுக உறுதி தந்ததாகக் கொள்வதில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, தயாரிப்பாளர் தந்த எச்சரிக்கையைக் கடைக்காரர் வாங்குபவருக்குச் சொல்லாமல் விட்டு, அதனால் கேடு நேர்ந்தால், கடைக்காரரையும் பொறுப்பாக்குகிறது. கொசுவத்தி, பாச்சை மருந்து, ஆசிட் விற்கும் உறுப்பினர்கள் இந்த வரியை இருமுறை படிக்க வேண்டும்.

மாற்றுறுப்பு விற்பவருக்கு இன்னும் ஒரு சங்கடம் உண்டு. படத்தில் முழு வீரன் நிற்பான். உள்ளே தலையும் தோளும் மட்டும் இருக்கும். மூலப் பெட்டியைத் தனியே வாங்க வேண்டும் என்பதைக் கடைக்காரர்தான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எந்தப் பெட்டிக்குப் பொருந்தும் என்பதையும் சொல்ல வேண்டும். 2017-இல் அந்த விண்வெளி வீரர்களையே பெரிய அளவில் புதிதாக வார்த்து வெளியிட்டார்கள். பழைய அளவுக்குச் செய்த தலை புதிய உடலில் சற்றுச் சிறிதாகத் தெரியலாம். பழைய இருப்பைத் தள்ளிவிட்டால் போதும் என்று வாய்மூடி விற்றால், பசையும் ரம்பமும் பட்டியும் வாங்க அந்தப் பையன் வேறு கடைக்குப் போய்விடுவான். அந்தச் சில்லறைச் சரக்கு மாதாமாதம் திரும்ப வருவதல்லவா?

குறையைச் சொன்னால் விற்பனை போய்விடும் என்று நம்மில் பலர் அஞ்சுகிறோம். சில நாள் போகவும் செய்யும். அதை நாம் மறுக்கவில்லை. இரண்டாம் தரப் பருப்பை இரண்டாம் தரம் என்று சொன்ன அன்று, பக்கத்துக் கடையில் அதையே முதல் தரம் என்று வாங்கிப்போனவரை நாமும் பார்த்திருக்கிறோம். வயிற்றெரிச்சல்தான். ஆனால் கல்லைக் கடித்த பிறகு அவர் எந்தப் படி ஏறுவார் என்பதையும் பார்த்திருக்கிறோம்.

எனவே சங்கத்தின் முன் ஒரு யோசனை வைக்கிறோம். சரக்கின் குறையையும் பக்குவத்தையும் இரண்டு வரியில் சொல்லும் சீட்டுகளைச் சங்கமே மொத்தமாக அச்சடித்து உறுப்பினர்களுக்கு அடக்க விலையில் தரலாம்: கொட்டை எடுக்காத புளி, கழுவி உலர்த்தாத மிளகாய், சென்ற பருவத்து உளுந்து என்று. பொருளுக்கேற்ற வாசகங்களை உறுப்பினர்கள் எழுதி அனுப்பட்டும். எந்த மூட்டையில் என்ன இருக்கிறது என்பது அவிழ்த்தவருக்குத்தானே தெரியும்.