கூண்டுப் பானையைக் கொஞ்ச நாள் கழற்றி வைப்போம்

கரமனையிலும் வலியசாலையிலும் திண்ணையும் முற்றமுமாக வாழ்ந்த நம்மவர்களில் பலர் இன்று பட்டம், கேசவதாசபுரம், கழக்கூட்டம் என்று அடுக்குமாடி வீடுகளுக்கு வந்துவிட்டோம். டெக்னோபார்க் வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்த இளந்தம்பதிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். குழந்தை நாய் கேட்கும். குடியிருப்போர் சங்கம் சம்மதிக்காது. பூனை கேட்கும், பாட்டிக்கு ஆகாது. கடைசியில் எல்லோரும் ஒத்துக்கொள்வது பால்கனியில் ஒரு கூண்டும் அதில் ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸும்தான். (நாம் லவ் பேர்ட்ஸ் என்று சொல்வது உண்மையில் பட்ஜரிகர் என்ற ஆஸ்திரேலியச் சிறு கிளி. அசல் லவ் பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. கடைக்காரர்கள் வைத்த பெயரை இனி மாற்ற முடியாது.)

இப்படி வாங்கிய பறவைகளில் பெட்டை ஒரு நாள் காலையில் கூண்டின் அடித்தட்டில் செத்துக் கிடக்கும். "நேற்று மாலை வரை நன்றாகத்தானே இருந்தது, யார் கண் பட்டதோ" என்பார்கள். எனக்குத் தெரிந்த வீடுகளிலேயே இது பலமுறை நடந்திருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பறவை வளர்ப்பவன் என்பதால் என்னிடம் வந்து சொல்வார்கள். கேட்டுப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே கதைதான். முட்டை உள்ளே சிக்கிக்கொண்டிருக்கும். டாக்டர்கள் இதை எக் பைண்டிங் என்பார்கள். கண் பட்டதும் இல்லை, ஆயுள் முடிந்ததும் இல்லை. நாம் கொடுக்கும் தீனியும், நாம் வைத்திருக்கும் இடமும், வருஷம் முழுக்கக் கூண்டில் தொங்கவிட்டிருக்கும் அந்த மண்பானையும் சேர்ந்து செய்கிற வேலை இது என்பது என் கருத்து.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன். "எங்கள் வீட்டில் ஒற்றைப் பறவைதான், ஆண் இல்லை, அது எப்படி முட்டையிடும்?" என்று கேட்கிறார்கள். சேவல் இல்லாத பண்ணைக் கோழி தினமும் முட்டையிடுகிறதே! ஆண் இல்லாவிட்டால் குஞ்சு பொரிக்காது, அவ்வளவுதான். முட்டை வரும், சிக்கவும் செய்யும். உங்களுடையது ஆணா பெண்ணா என்று தெரியாவிட்டால் மூக்குத் துவாரத்தைச் சுற்றியுள்ள தோலைப் பாருங்கள். வளர்ந்த ஆணுக்கு நீலமாகவும், பெண்ணுக்குப் பழுப்பாகவோ வெளிறியோ இருக்கும். முழு மஞ்சள், முழு வெள்ளைப் பறவைகளில் மட்டும் ஆணுக்கு அந்த இடம் இளஞ்சிவப்பாக இருக்கும்.

ஒரு பட்ஜரிகரின் எடை 30 முதல் 40 கிராம். அதன் முட்டை ஏறக்குறைய 2 கிராம். ஒன்றுவிட்டு ஒரு நாள் என்று நாலு, ஐந்து, ஆறு முட்டை இடும். அறுபது கிலோ எடையுள்ள ஒரு தாய்க்கு இதைக் கணக்குப் போட்டால், மூன்று கிலோவுக்குக் குறையாத குழந்தையை ஒன்றுவிட்டு ஒரு நாள் பெறுவதற்குச் சமம்! இத்தனை முட்டைகளுக்கும் ஓடு கட்டச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அதற்காகவே பெண் பறவை முட்டையிடும் காலத்துக்கு முன்னால் தன் எலும்புகளுக்குள் கால்சியத்தைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. ஓடு கட்டுவதற்கு மட்டுமல்ல, முட்டையை வெளியே தள்ளும் தசை சுருங்குவதற்கும் அதே கால்சியம்தான் வேண்டும். கையிருப்பு தீர்ந்தால் ஓடு மெலிந்து தோல்போல் ஆகிறது, தள்ளவும் பலம் இருப்பதில்லை. வழுக்கி வர வேண்டிய முட்டை வழியிலேயே நின்றுவிடுகிறது.

இனி நம் வீட்டுத் தீனியைப் பார்ப்போம். கடையில் கொடுக்கும் தினை. நூறு கிராம் தினையில் கால்சியம் சுமார் 30 மில்லிகிராம்தான். நம் கேழ்வரகில் அதைப் போலப் பத்து மடங்குக்கு மேல் இருக்கிறது. முருங்கைக்கீரையிலும் அப்படியே. கொல்லையில் முருங்கை நிற்கிற ஊரிலிருந்து வந்த நாம், வெறும் தினையைக் கொட்டிவிட்டுப் பறவை ஏன் சாகிறது என்று கேட்கிறோம்! கால்சியம் உள்ளே போனாலும் அது உடம்பில் ஒட்ட வைட்டமின் டி வேண்டும், அதற்கு நேர் வெயில் வேண்டும். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் வைத்த கூண்டில் வெளிச்சம் விழும், ஆனால் அந்தச் சத்தைத் தரும் கதிர்களைக் கண்ணாடி தடுத்துவிடும். இந்த ஊரில் இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டால் வெயிலே பல நாள் கண்ணில் படாது. ஈரக்காற்றும் குளிரும் வேறு.

இதையெல்லாம்விட எனக்கு உறுத்துவது அந்தப் பானைதான். ஜான் கோல்ட் என்ற பறவை நிபுணர் 1840இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்துக்கு உயிரோடு கொண்டுபோன பறவை இது. தன் நாட்டில் வறண்ட நிலத்தில் வாழ்வது. மழை பெய்து, புல் முளைத்து, மணி பிடித்தால்தான் மரப்பொந்து தேடி முட்டையிடும். மற்ற நாளில் சும்மா இருக்கும். நம் பால்கனியிலோ தினமும் கிண்ணம் நிறையத் தானியம், எதிரிலேயே பொந்து போல ஒரு பானை, ஹாலில் இரவு பதினொரு மணி வரை சீரியல் வெளிச்சம். அதற்கு வருஷம் முழுக்க மழைக்காலம்தான்! ஓர் ஈடு குஞ்சு இறங்குவதற்குள் அடுத்த ஈடு முட்டை. குஞ்சுகளை விற்றுக் காசாக்கும் ஆசையில் இப்படி விடுகிறவர்களும் உண்டு. அவர்களிடம் எனக்குப் பேச்சில்லை. குழந்தைக்காக வளர்க்கிறவர்களிடம்தான் சொல்கிறேன்: வருஷத்துக்கு இரண்டு ஈடு போதும். பிறகு பானையைக் கழற்றிப் பரணில் போடுங்கள். மாலை ஆறரை மணிக்கு மேல் கூண்டைத் துணியால் மூடிவிடுங்கள். ஜோடியில்லாத ஒற்றைப் பெட்டைக்குப் பானையே வேண்டாம். அப்படியும் அது தரையில் முட்டையிட்டால், உடனே எடுத்து எறியாதீர்கள். எடுத்தால் குறைந்ததை ஈடுகட்ட இன்னும் இடும். சில நாள் அடைகாத்து, சலித்து, தானே விட்டுவிடட்டும்.

ஆபத்து வந்துவிட்டால் எப்படித் தெரிந்துகொள்வது? முட்டையிடப் போகிற பறவைக்கு அடிவயிறு கொஞ்சம் உப்பியிருக்கும், எச்சமும் பெரிதாக விழும். இதற்குப் பயப்பட வேண்டாம். அது தின்னும், கத்தும், ஆணைக் கொத்தும். சிக்கல் வந்த பறவை அப்படியல்ல. குச்சியை விட்டு இறங்கி அடித்தட்டில் உட்கார்ந்துவிடும். இறகைச் சிலிர்த்துக்கொண்டு பந்து போல இருக்கும். மூச்சு விடும்போதெல்லாம் வால் மேலும் கீழும் ஆடும். காலை அகட்டி நின்று முக்கும், எச்சம் விழாது. உள்ளே முட்டை நரம்பை அழுத்துவதால் ஒரு காலோ இரண்டுமோ துவண்டு போகும். இதைப் பார்த்துக் கால் உடைந்துவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. இவ்வளவு சின்ன உடம்புக்கு ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள்தான் தவணை. சில சமயம் சில மணி நேரமே.

சென்ற மழைக்காலத்தில் எங்கள் குடியிருப்பில் நடந்ததைச் சொல்கிறேன். எதிர் வீட்டில் தென்காசிப் பக்கத்துக் குடும்பம். அந்தப் பெண் காலையில் வந்து, "மாமா, எங்க நீலக்கிளி எந்திரிக்கவே மாட்டேங்குது, கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்றாள். போனால், அவள் மாமியார் விளக்கெண்ணெய்யைச் சூடாக்கித் தயாராக வைத்திருந்தார். "ஆசனவாயில் ரெண்டு சொட்டு விட்டு வயித்தை நீவினா வந்துரும்" என்றார். பெரியவர், மாட்டுக்குப் பிரசவம் பார்த்த கை. மறுத்துச் சொல்லத் தயக்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் சொன்னேன். எண்ணெய் முட்டை இருக்கும் இடம்வரை போவதில்லை. இறகில் ஒட்டினால் இருக்கிற சூடும் போய்விடும். நீவுவது அதைவிட மோசம். முட்டை உள்ளே உடைந்தால் ஓட்டுச் சில்லு முட்டைப்பையைக் கிழிக்கும். சில பறவைக்கு முட்டைப்பையே வெளியே பிதுங்கி வந்துவிடும்.

அந்த வீட்டுத் தம்பி ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டே, "சில நூறு ரூபாய்ப் பறவை மாமா. டாக்டர், ஆட்டோ எல்லாம் சேர்ந்தா புதுசா ரெண்டு ஜோடி வாங்கிரலாம்" என்றார். கெட்ட மனிதர் அல்ல, மாதக் கடைசி வேறு. ஆனால் அவர் மகள், இரண்டாம் வகுப்புப் படிக்கிறவள், சீருடையோடு கூண்டின் பக்கத்தில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே பையைக் கீழே வைத்தார். ஆட்டோ பிடித்துப் போனோம். எக்ஸ்ரேயில் முட்டை தெரிந்தது. கால்சியம் ஊசி போட்டு, திரவமும் கொடுத்து, சூட்டில் வைத்தார்கள். மாலையில் முட்டை வந்தது. ஓடு தோல்போல் இருந்தது. பறவை இன்றும் இருக்கிறது, பானைதான் இல்லை.

மிருகாசுபத்திரியில் என்ன செய்வார்கள் என்பதையும் தெரிந்துகொண்டால் பயம் குறையும். சூடு, திரவம், கால்சியம் இவைதான் முதல் படி. பல பறவைக்கு இதுவே போதும். வராவிட்டால் முட்டைப்பையைச் சுருங்க வைக்கும் ஹார்மோன் மருந்து கொடுப்பார்கள். வழி அடைபட்டிருக்கும்போது இதைக் கொடுத்தால் பை கிழியலாம், ஆகவே இதை டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் வாங்கி நாமே போடக் கூடாது. அதற்கும் அசையாவிட்டால் மயக்கம் கொடுத்து, ஊசியால் முட்டையின் உள்ளிருப்பதை உறிஞ்சி, ஓட்டைச் சுருக்கி எடுப்பார்கள். அறுவை சிகிச்சை கடைசி வழி. எல்லா ஆஸ்பத்திரியிலும் பறவை பார்த்துப் பழகிய டாக்டர் இருப்பார் என்று சொல்ல முடியாது. ஆகவே பறவை நன்றாக இருக்கும்போதே நம் பகுதியில் யார் பார்க்கிறார்கள் என்று கேட்டு, போன் நம்பரைக் குறித்து வைக்க வேண்டும். புதிதாக வந்தவர்களுக்கு மலையாளம் தடையாக இருந்தால், "முட்ட குடுங்ஙி" என்றால் போதும், புரிந்துகொள்வார்கள்.

டாக்டரிடம் போய்ச் சேரும்வரை செய்யக்கூடியது ஒன்றுதான்: சூடு. பறவையைத் தனியாக ஒரு சிறு அட்டைப்பெட்டியில் வைத்து, பெட்டியின் ஒரு பக்கத்தில் துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலை வையுங்கள். அதிகச் சூடு என்று தோன்றினால் அது மறுபக்கம் நகர்ந்துகொள்ளும். உள்ளே சுமார் 30 டிகிரி இருந்தால் நல்லது. முன்பு நாற்பது வாட் பல்பு ஒன்றை மாட்டினால் வேலை முடிந்தது. ஃபிலமென்ட் பல்பின் புழக்கம் குறைந்த பின் எல்.இ.டி.யைப் பக்கத்தில் வைத்துவிட்டு, சூடு வருகிறது என்று நம்புகிறார்கள். எல்.இ.டி.யில் அந்தச் சூடு கிடைக்காது. வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். மழையில் ஸ்கூட்டரில் கூண்டைத் தொங்கவிட்டுக் கொண்டு போகாதீர்கள்.

வராமல் தடுக்க ஆகும் செலவு மிகக் குறைவு. சாலைக் கடைத்தெரு நாட்டு மருந்துக் கடைகளில் கடல்நுரை என்று கேளுங்கள், மலையாளத்தில் கடல்நாக்கு. கணவாய் மீனின் ஓடு அது. கூண்டுக் கம்பியில் செருகி வைத்தால் பறவை தனக்கு வேண்டியபோது கொறித்துக்கொள்ளும். அவித்த கோழிமுட்டையின் ஓட்டைப் பொடித்தும் வைக்கலாம். சைவ வீடுகளில் இரண்டும் கூடாது என்கிறார்கள். எங்கள் தெருவில் ஒரு மாமி, கடல்நுரையை மட்டும் "அது மருந்து" என்று சொல்லி அனுமதித்துவிட்டார்! அதுவும் வேண்டாம் என்றால் முருங்கைக்கீரையும் ஊறவைத்த கேழ்வரகும் கொடுக்கலாம். பாலக் கீரை வேண்டாம், அதிலுள்ள ஆக்சாலிக் அமிலம் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காலை இளவெயிலில் அரைமணி நேரம் கூண்டைக் கண்ணாடிக்கு வெளியே வையுங்கள். பாதிக் கூண்டுக்கு நிழலும், காக்கை பூனை வராதபடி பக்கத்தில் ஆளும் வேண்டும்.

பச்சைக்கிளி வளர்க்கும் வீடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் கூண்டில் வைப்பதே குற்றம். அதனால் நோய் வந்தாலும் டாக்டரிடம் கொண்டுபோகப் பயந்து, வீட்டுக்குள்ளேயே சாகவிடுகிறார்கள். இதை நான் நியாயப்படுத்த மாட்டேன். வனத்துறையிடம் ஒப்படைப்பதுதான் முறை. லவ் பேர்ட்ஸுக்கும் காக்டெயிலுக்கும் இந்தத் தடை இல்லை என்பதால் அவற்றைத் தைரியமாகத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம்.

நம் சங்கத்துக்கு ஒரு யோசனை. ஆண்டு விழாவில் கோலப்போட்டி, திருக்குறள் போட்டியெல்லாம் நடக்கும் அன்று, பறவை பார்க்கும் கால்நடை மருத்துவர் ஒருவரை அழைத்து அரைமணி நேரம் பேசச் சொல்லலாம். கூண்டை அங்கே கொண்டுவர வேண்டாம், கேள்விகளைக் கொண்டுவந்தால் போதும். இடவப்பாதி தொடங்கும் முன், வைகாசியிலேயே வைத்துக்கொண்டால் நல்லது.