மெல்ல நினைப்பவரும் புற்றுநோயும்

நம் வாசகர் வட்டத்தில் நண்பர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் ஒன்று கேட்டால் மூன்று மிடறு காபி இறங்கிய பிறகே பதில் வரும். சென்ற மாதக் கூட்டம் முடிந்து எல்லோரும் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கையில், மனம் மெதுவாக இயங்குவோர் சீக்கிரம் இறந்துபோவதாக எங்கோ வாசித்தேன், புற்றுநோயும் அதில் சேர்த்தியா என்று கேட்டார். சிரித்துவிட்டோம். அவருடைய தாயார் 52ஆம் வயதில் பெருங்குடல் புற்றுநோயால் காலமானவர் என்பது வீடு திரும்பிய பிறகே நினைவுக்கு வந்தது. இக்கட்டுரை அந்தச் சிரிப்புக்கான கடன்.

அவர் வாசித்தது பொய்யன்று. 1988ஆம் ஆண்டு, மேற்கு ஸ்காட்லாந்தில் 56 வயதையொட்டிய சுமார் 900 பேரிடம் பொத்தான்கள் கொண்ட சிறு கருவி ஒன்று தரப்பட்டது. எண் தோன்றியவுடன் அதற்குரிய பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். இடையில் கழியும் நொடியின் பின்னமே எதிர்வினை நேரம். அம்மக்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, இயன் டியரியும் ஜெஃப் டெரும் 2005இல் முடிவை வெளியிட்டார்கள். விரல் தாமதித்தவர்களிடையே இறப்பு மிகுதியாக இருந்தது. நுண்ணறிவுத் தேர்வின் மதிப்பெண்ணுக்கும் ஆயுளுக்கும் இடையே காணப்பட்ட உறவைக்கூட இந்த வேகமே பெருமளவு விளக்கிவிட்டது.

இங்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நண்பரின் காபித் தாமதம் இக்கருவியில் அகப்படுவதன்று. அது யோசனை. கருவி அளப்பது கண்ணுக்கும் விரலுக்கும் நடுவே நரம்பு வழியே நடக்கும் செய்தியை. இவ்விரண்டையும் குழப்புவது நம் பழைய வழக்கம். விரலின் தாமதத்தைக் குற்றமாகக் கருதுவதும் அப்படியே. 1796இல் கிரீனிச் வானாய்வகத்தில், விண்மீன் கம்பியைக் கடக்கும் கணத்தைத் தலைமை வானியலாளர் மாஸ்கலினைவிட 0.8 நொடி பிந்திக் குறித்தார் என்பதற்காகக் கின்னெப்ரூக் என்ற உதவியாளர் வேலையிழந்தார். அது ஆளுக்கு ஆள் மாறும் இயல்பு என்பதைப் பின்னாளில் பெஸ்ஸல் கண்டறிந்தார். கின்னெப்ரூக்குக்கு அதனால் பயன் ஏதும் விளையவில்லை.

விரலின் வேகம் ஆயுளை ஏன் அறிய வேண்டும்? டியரி முதலானோர் முன்வைத்த விளக்கங்களுள் ஒன்று கவர்ச்சியானது. விரைந்து இயங்கும் மூளை, உடல் முழுவதுமே செம்மையாக அமைந்திருப்பதன் அடையாளம் என்பது அது. கட்டுமானம் நன்றாயின் வீட்டின் எல்லாச் சுவர்களும் நிலைக்கும் அல்லவா? அப்படியானால் புற்றுநோயும் இந்த வேகத்துக்கு ஏற்பக் கூடிக் குறைய வேண்டும்.

அங்கேதான் விளக்கம் தடுமாறுகிறது. அமெரிக்காவில் 20 முதல் 59 வயது வரையிலான 5,134 பேரைச் சுமார் 15 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2014இல் வந்தது. எதிர்வினை நேரம் நீண்டவர்களிடம் மொத்த இறப்பும் இதயம், இரத்தக்குழாய் சார்ந்த இறப்பும் கூடியிருந்தன. புற்றுநோய் இறப்போடு தெளிவான தொடர்பு ஏதும் தென்படவில்லை. சுவீடனில் படைத் தேர்வுக்கு வந்த பத்து லட்சம் இளைஞர்களின் நுண்ணறிவு மதிப்பெண்ணைப் புற்றுநோய்ப் பதிவேட்டோடு ஒப்பிட்ட 2007ஆம் ஆண்டு ஆய்விலும் ஏறத்தாழ வெறுமையே. உறுதியாக நின்றது தோல் புற்றுநோய் ஒன்று. அதுவும் மதிப்பெண் கூடியவர்களிடம்தான் மிகுதி. வசதி படைத்தோர் விடுமுறைக்கு வெயில் தேடிப் போவதே காரணம் என்ற விளக்கம் நமக்குப் பொருந்தி வருகிறது.

இதைத் தொலைபேசியில் சொன்னபோது நண்பர் வழக்கம்போல் மௌனமானார். இணைப்பு அறுந்ததோ என்று நினைத்தோம். பிறகு, "அந்தச் சுவீடன்காரர்களுக்குக் கணக்கு முடிந்தபோது என்ன வயது?" என்று கேட்டார். சரியான கேள்வி. பலர் நடுவயதைத் தாண்டியிருக்கவில்லை. புற்றுநோய் பெரும்பாலும் முதுமையில் வருவது. எனவே அந்த வெறுமையை மட்டும் நம்பி நிம்மதி கொள்ள முடியாது.

ஆகவே முதுமை வரை தொடர்ந்த கணக்கு வேண்டும். ஸ்காட்லாந்தில் 1947 ஜூன் மாதம், 1936இல் பிறந்த குழந்தைகள் ஏறக்குறைய அனைவரும் ஒரே தேர்வை எழுதினார்கள். அவர்களுள் 65,765 பேரின் வாழ்வும் சாவும் 2015 வரை பின்தொடரப்பட்டன. 15 புள்ளிகள் கூடுதலாகப் பெற்றவரிடம் இதயநோய் இறப்பு 25 விழுக்காடு குறைவு. புகையால் வரும் புற்றுநோய்களின் இறப்பு 18 விழுக்காடு குறைவு. புகையோடு தொடர்பில்லாத புற்றுநோய்களில் வேறுபாடு 4 விழுக்காடு மட்டுமே. அது பொத்தான் சோதனை அன்று, எழுத்துத் தேர்வு என்பது மெய். ஆனால் கோடு எங்கே விழுகிறது என்று பாருங்கள்.

அந்தக் குழந்தைகளுக்கு 14 வயதானபோது, 1950இல், சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள உறவை டாலும் ஹில்லும் எழுதினார்கள். 26 வயதில், 1962இல், இலண்டன் மருத்துவர் கல்லூரியின் அறிக்கை வந்தது. பிரிட்டனில் தொலைக்காட்சிச் சிகரெட் விளம்பரம் நின்றது 1965இல். செய்தியை முதலில் வாசித்தவர்களும் நம்பியவர்களும் விடுவதற்கு வாய்ப்பான வாழ்க்கை அமைந்தவர்களும் யார்? பள்ளியில் தொடர்ந்து படித்தவர்கள். சுரங்கத்திலும் கப்பல்தளத்திலும் ஷிப்டு முடிந்து பற்றவைத்தவர்கள் அல்லர். மூளையின் வேகம் என்று நாம் படிப்பதில் ஒரு பெரும்பங்கு, அந்நாட்டில் எந்தச் செய்தி எந்தத் தெருவை எப்போது எட்டியது என்ற கதை என்றே நாம் கருதுகிறோம்.

எண்களை மறுப்பது நம் நோக்கமன்று. மந்தமானவர் என்று வகுப்பில் ஒருமுறை முத்திரை வாங்கியவருக்கு, நோயையும் அதே முத்திரையின் நீட்சியாகக் காட்டும் எழுத்தைத்தான் மறுக்கிறோம். அத்தகைய எழுத்து சிகரெட் நிறுவனத்தைக் கண்ணுக்கு மறைத்துவிட்டு ஆளின் மண்டைக்குள் குற்றவாளியைத் தேடுகிறது.

நண்பர் உண்மையில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. பெற்றோருக்கு 60 வயதுக்குள் பெருங்குடல் புற்றுநோய் வந்திருந்தால், பிள்ளைகள் 40 வயதிலேயே, அல்லது பெற்றோருக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்தாண்டு முன்பே, இவற்றுள் எது முந்தியதோ அப்போது, குடல் உள்நோக்குப் பரிசோதனையைத் தொடங்க வேண்டும் என்பது மருத்துவர்கள் பின்பற்றும் வழிகாட்டுதல். அவருக்கு இப்போது 46. சொன்னோம். யோசித்துச் சொல்கிறேன் என்றார். இதில் மட்டும் யோசனை வேண்டாம் என்று நாமும் இரண்டு வாரமாகத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இன்னும் நாள் குறிக்கவில்லை.